ஸ்பானியப் படிகளில் உட்கார அனுமதி கேட்டு ரோம் மாநகர சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ரோம் மாநகர சபை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் ஊர் வாக்காளன் இல்லை. வரி கட்டுபவனும் இல்லை. உங்கள் ஊருக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. இருந்தாலும் உங்கள் ஊரின் சில தெருக்கள் எனக்கு நன்றாகத் தெரியும். 1953-இல் வெளிவந்த 'ரோமன் ஹாலிடே' படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்ற கணக்கு எப்போதோ விட்டுப்போய்விட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். 1946-இல் எழுதப்பட்ட நகர ஒழுங்கு விதிகளை எடுத்துவிட்டு 2019-இல் நீங்கள் புதியவற்றைக் கொண்டுவந்தீர்கள். அதன்படி, சதுக்கத்திலிருந்து மேலே தேவாலயத்துக்கு ஏறும் அந்தப் பெரிய கல் படிக்கட்டில், அதாவது ஸ்பானியப் படிகளில், யாரும் உட்காரக்கூடாது. உட்கார்ந்தால் 250 யூரோ அபராதம். படியை அழுக்காக்கினால் 400 வரை போகும். செய்தியைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது, ஜெலாட்டோ (உங்கள் ஊர் ஐஸ்கிரீம்) கோனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படியில் உட்கார்ந்திருந்த, அந்தப் படத்தின் இளவரசி ஆட்ரி ஹெப்பர்ன்தான்.

ஏதோ சினிமாவில் வரும் ஒரு காட்சிதானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். எல்லோரும் அதைக் காதல் கதை என்கிறார்கள். எனக்கு அது உட்காரத் தவித்த ஒரு பெண்ணின் கதையாகத்தான் படுகிறது. தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். தூதரக விருந்தில் இளவரசி ஆன் நிற்கிறாள். வரிசையாகப் பெரிய மனிதர்கள் வந்து வணங்கிவிட்டுப் போகிறார்கள். வரிசை முடிவதாக இல்லை. கால் கடுக்கிறது. நீண்ட கவுனுக்கு உள்ளே ஒரு காலைச் செருப்பிலிருந்து கழற்றி இன்னொரு காலில் தேய்த்துக்கொள்கிறாள். செருப்பு சாய்ந்துவிடுகிறது. முகத்தில் புன்னகை மாறாமல் காலால் துழாவுகிறாள், அகப்படவில்லை. கடைசியில் உட்காரும்போது செருப்பு மட்டும் கவுனுக்கு வெளியே எல்லோர் கண்ணிலும் படுகிறது. அன்று இரவே, மறுநாள் எத்தனை மணிக்கு எங்கே போக வேண்டும், என்ன பேச வேண்டும் என்று பட்டியல் படித்துக் காட்டுகிறார்கள். அவள் உடைந்துபோவது அங்கேதான். மருத்துவர் தூக்க ஊசி போடுகிறார். அவளோ வண்டியில் ஒளிந்து தப்பி, ஊசியின் மயக்கத்தில் தெருவோரக் கற்சுவரில் படுத்துவிடுகிறாள். (இன்றைய விதிப்படி அதற்கும் தனி அபராதம் இருக்கும் என்று நினைக்கிறேன்.)

அப்புறம் மறுநாள். இரவில் அவளைக் கண்டு தன் அறையில் தூங்க இடம் கொடுத்த செய்தியாளன் ஜோ பிராட்லி, அவளிடம் 1,000 லிரா (இத்தாலியின் அன்றைய நாணயம்) கொடுத்து அனுப்புகிறான். அன்றைய மதிப்பில் ஒன்றரை டாலர் என்று படத்திலேயே வருகிறது. அதில் ஒரு ஜோடிச் செருப்பு வாங்குகிறாள், திரேவி நீரூற்றுப் பக்கத்துக் கடையில் முடி வெட்டிக்கொள்கிறாள், ஒரு ஜெலாட்டோவும் வாங்கிவிடுகிறாள். பூக்காரர் பூ நீட்டும்போது கையில் காசில்லை. அவர் சிரித்துக்கொண்டே ஒரு பூவைச் சும்மா கொடுக்கிறார். காசு தீர்ந்துபோன ஒருத்தி உங்கள் ஊரில் எங்கே போய் உட்காருவாள்? படிக்கட்டுக்குத்தான் வருகிறாள். நடைபாதை காபிக்கடையில் உட்கார வேண்டும், கடைக் கண்ணாடிகளை வேடிக்கை பார்க்க வேண்டும், மழையில் நடக்க வேண்டும் என்ற ஆசைகளையெல்லாம் அவள் சொல்வது அந்தப் படியில் வைத்துத்தான். காபிக்கடையில் உட்காரும் ஆசை நிறைவேறும்போது சாவகாசமாக ஷாம்பெயின் கேட்கிறாள், ஜோவின் முகம் போகும் போக்கு உங்களுக்கு நினைவிருக்கும். நாற்காலிக்குக் காசு வேண்டும், படிக்கு வேண்டாம்.

யூரோ வந்தபோது 1,936.27 லிரா ஒரு யூரோ என்று நிர்ணயித்தார்கள். அந்தக் கணக்கில் 250 யூரோ என்பது 4,84,000 லிராவுக்கும் மேல். ஜோ கொடுத்த பணத்தைப் போல 484 மடங்கு. இடையில் விலைவாசி எவ்வளவோ ஏறிவிட்டது, இது சரியான கணக்கு இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அந்தக் காட்சியில் இன்னொரு வேடிக்கை உண்டு. பின்னால் மேலே தெரியும் திரினிட்டா தேய் மோன்தி தேவாலயத்தின் கடிகாரத்தைக் கவனியுங்கள். ஒரு ஷாட்டில் ஒரு நேரம், அடுத்ததில் வேறு நேரம், பேச்சு மட்டும் தொடர்ந்து போகிறது. குறை கண்டுபிடிப்பவர்கள் இதைப் படத்தின் பிழைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். எனக்கு அது சாட்சி. 1952 கோடையில் இரண்டு நடிகர்கள் மணிக்கணக்காக உங்கள் படியில் உட்கார்ந்திருந்தார்கள் என்று உங்கள் தேவாலயக் கடிகாரமே சொல்கிறது. முழுப் படமும் ரோமிலேயே எடுக்கப்பட்டது என்று தொடக்கத்தில் எழுத்துப் போட்டுப் பெருமைப்பட்ட படம் அது. இயக்குநர் வில்லியம் வைலர் ஹாலிவுட்டில் செட் போட்டு ஒப்பேற்றியிருக்கலாம். அவருக்கு அசல் படிகள்தான் வேண்டியிருந்தன.

சினிமாவை விடுங்கள். 1723 முதல் 1725 வரை பிரான்செஸ்கோ தெ சான்க்திஸ் கட்டிய இந்தப் படிகளில் உட்காருவது ஒரு காலத்தில் தொழிலாகவே இருந்தது. ஓவியர்களுக்கு மாடலாக நிற்பவர்கள் அங்கே காத்திருப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் ரோமுக்கு வந்த சார்லஸ் டிக்கன்ஸ், வெள்ளைத் தாடிக் கிழவர் முதற்கொண்டு அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து எழுதியிருக்கிறார். படியை ஒட்டிய வீட்டில்தான் 1821-இல் கவிஞர் கீட்ஸ், 25 வயதில், காசநோயில் இறந்தார். படிகள் விரிந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து மேலே போவதைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் இது ஏறிப் போவதற்கு மட்டும் கட்டியது இல்லை என்று தோன்றும். எங்கள் மொழியில் திண்ணை என்று ஒரு சொல் உண்டு. வழிப்போக்கர் யாரும் கேட்காமல் வந்து உட்காரக்கூடிய இடம் அது. ஸ்பானியப் படிகள் ரோமின் திண்ணை.

உங்கள் பக்க நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. பல்கேரி என்ற நகை நிறுவனம் கொடுத்த 15 லட்சம் யூரோவில் படிகளைச் சுத்தம் செய்து 2016 செப்டம்பரில் திறந்தீர்கள். சூயிங் கம்மும் ஒயின் கறையும் திரும்பி வந்தால் யாருக்கும் எரிச்சல் வரும். ஆனால் 2022-இல் என்ன நடந்தது? மே மாதம் ஒருவர் வாடகைக்கு எடுத்த மசராட்டி காரைப் படிகளில் இறக்கினார். அடுத்த மாதமே இன்னொருவர் மின்ஸ்கூட்டரைப் படிகளில் உருட்டிவிட்டார். கல் பெயர்ந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அப்படி எதைப் பெயர்த்தார்கள்? கறை விழுந்தால் கறை போட்டவரிடம் வசூலியுங்கள், யார் கேட்கப்போகிறார்கள். கால் வலித்து உட்கார்ந்த கிழவியையும் ஒயின் புட்டியைச் சாய்த்தவனையும் ஒரே விதியில் அடைப்பதுதான் சரியில்லை. வசந்த காலத்தில் அசேலியாப் பூச்செடித் தொட்டிகளைக் கொண்டுவந்து படிகளில் வரிசையாக வைக்கிறீர்கள். பார்க்க அழகுதான். ஆனால் தொட்டிக்கு உள்ள சலுகை மனிதனுக்கு இல்லை!

போன வருடம் உங்கள் ஊருக்கு வந்து திரும்பிய நண்பர் ஒருவர் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்த வில்லை ஒன்றை வாங்கி வந்து கொடுத்தார். அதில் இருப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? கையில் கோனோடு அதே இளவரசிதான். எதைச் செய்யக்கூடாது என்கிறீர்களோ அதன் படம்தான் உங்கள் ஊரில் விற்பனைக்கு இருக்கிறது.

விதி போட்டவர்கள் அதை மாற்றினால் மரியாதை குறைந்துவிடாது. இந்தப் படத்தின் கதையை எழுதிய டால்டன் டிரம்போ, கம்யூனிஸ்ட் என்று சொல்லி வேலை மறுக்கப்பட்டவர்களின் பட்டியலில், ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில், இருந்தவர். சொந்தப் பெயரைப் போட வழியில்லை. ஆஸ்கர் விருது அவருக்குப் பெயர் இரவல் கொடுத்த நண்பர் இயன் மெக்லெலன் ஹன்டருக்குப் போனது. 1993-இல்தான் ஆஸ்கர் கழகம் அதை டிரம்போவுக்கென்று கொடுத்தது. அவர் இறந்தே 17 வருடம் ஆகியிருந்தது. நீங்கள் அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எல்லா நேரமும் எல்லாப் படியும் வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு பக்கத்து வரிசையை மட்டும் விடுங்கள். அதுவும் முடியாதென்றால் காலை வெயில் ஏறும் வரையாவது விடுங்கள். படத்தில் வெஸ்பா ஸ்கூட்டரை ஓட்டி ஊரையே கலக்கிய அந்த இருவரையும் போலீஸ் பிடிக்கிறது. கல்யாணம் செய்துகொள்ளத்தான் தேவாலயத்துக்கு விரைந்தோம் என்று ஜோ அளந்துவிடுகிறான். அதை நம்பி, கைகுலுக்கி, வாழ்த்தி அனுப்பிவிடுகிறார்கள். அந்த ரோமை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தூரத்து ரசிகன் ஒருவன்

பி.கு.: ஜெலாட்டோதான் பிரச்சினை என்றால், கோனைக் கீழே சதுக்கத்திலேயே தின்று முடித்து, கையையும் கழுவிவிட்டுப் படியேறுகிறேன்.