அடுத்த ஆற்றின் மீன் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சல்மன் மீன் கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். நோர்வே, பின்லாந்து எல்லையில் ஓடும் தானா ஆற்றில் 2021இல் சல்மன் பிடிக்கத் தடை போட்டார்கள், பக்கத்து நெய்டன் ஆற்றில் மட்டும் விட்டுவிட்டார்கள், இது என்ன நியாயம் என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். தொண்ணூறுகளில் நோர்வேயின் அந்த வடகோடியில், பின்மார்க் மாவட்டத்தில், மீன் தொழிற்சாலையில் கத்தியோடு நின்ற யாழ்ப்பாணத்துக்காரர்களில் நானும் ஒருவன். அதனால் எழுதுகிறேன்.

சல்மன் கடலில் எங்கே திரிந்தாலும் முட்டையிட அநேகமாகத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். நெய்டனில் மீன் இருப்பதால் தானாவுக்கு ஒரு லாபமும் இல்லை. தானாவுக்குள்ளேயே கிளையாறுகளைப் பொறுத்து ஏறக்குறைய முப்பது தனித்தனிக் கூட்டங்கள் இருப்பதை மரபணு ஆய்வு காட்டியிருக்கிறது. ஆகவே ஒவ்வோர் ஆற்றுக்கும் தனிக்கணக்கு: முட்டையிட இத்தனை பெண் மீன் மிஞ்சவேண்டும், அதற்கு மேலே இருப்பதைத்தான் பிடிக்கலாம். கரைக்கடலில் வலை போட்டால் இந்தக் கணக்கு குழம்பிவிடும். எந்த மீன் எந்த ஆற்றுப் பிள்ளை என்று வலைக்குத் தெரியுமா? தானா கடலில் கலக்கும் இடத்திலும் சேர்த்துத் தடை வந்தது இதனால்தான்.

சரி, தடை போட்டும் மீன் பெருகவில்லையே என்கிறார் கட்டுரையாளர். 2021 இலையுதிர்காலத்தில் இட்ட முட்டை மறு வசந்தத்தில் பொரிக்கும். அந்தக் குளிர் நீரில் குஞ்சு மெதுவாகத்தான் வளரும். கடலுக்கு இறங்கவே மூன்று முதல் ஐந்து வருடம். கடலில் இன்னும் ஒன்று முதல் மூன்று குளிர்காலம். நீங்களே கூட்டிப் பாருங்கள், முதல் பிள்ளைகள் எப்போது வீடு திரும்பும் என்று. கடலுக்குள் அதற்கு நேர்வது வேறு கதை. அதை ஆற்றங்கரைச் சட்டத்தால் திருத்த முடியாது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. தடையின் பாரம் விழுவது ஆற்றின் இரு கரையிலும் வாழும் சாமி (Sámi) என்னும் வடபகுதிப் பழங்குடி மக்கள் மேல். அவர்கள் மிதவலை விடுவதும் அணைவலை கட்டுவதும் கோடையில் பிள்ளைகள் கூடவே நின்று கற்கும் வேலை. சில வருடம் ஆற்றில் வலை இறங்காவிட்டால் அந்தக் கைப்பழக்கம் யாரிடம் இருக்கும்? இதற்கிடையில், சோவியத் காலத்தில் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்து ஆறுகளில் கொண்டுவந்து விட்ட பசிபிக் இளஞ்சிவப்புச் சல்மன், ஒற்றைப்படை ஆண்டுகளில் கூட்டங்கூட்டமாக இந்த ஆறுகளில் ஏறுகிறது. தங்கள் மீனைத் தொடமுடியாமல் வந்தேறி மீனைப் பார்த்துக்கொண்டு இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கட்டுரை நிறைந்திருக்கும்.

அப்புறம், கட்டுரையோடு போட்டிருந்த படம் கடற்கூண்டில் வளர்க்கும் பண்ணைச் சல்மன். ஒஸ்லோவில் நாங்கள் குழம்பு வைப்பது அதைத்தான். தானாவில் தடை செய்திருப்பது அதை அல்ல.

இப்படிக்கு,
பழைய மீன் தொழிற்சாலைக்காரன்,
ஒஸ்லோ