தடோபா போகும் வசந்திக்கு

அன்புள்ள வசந்தி,

பதில் போட இத்தனை நாளா என்று ஆரம்பிக்காதே. அம்மா நலம், அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, சின்னவள் இன்னும் சண்டைக்காரிதான். செய்தி அவ்வளவே. மே மாதம் மகாராஷ்டிரத்தின் தடோபா புலிகள் காப்பகத்தில் சஃபாரிக்கு இடம் கிடைத்துவிட்டது என்று நீ எழுதியதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அடுத்த வரியிலேயே, தூரத்தைக் கிட்டக் காட்டும் 600 மி.மீ. லென்ஸை வாடகைக்கு எடுக்கிறேன் என்கிறாய். அதற்கடுத்த வரியில், டிரைவரிடம் சொல்லி முடிந்தவரை கிட்டப் போகப் போகிறேன் என்கிறாய். கிட்டப் போவதானால் 600 எதற்கடி? பாலு சார் கணக்கு வகுப்பில் நீ எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய் என்பது எனக்குத் தெரியும். இப்போதாவது கவனி.

ஜிப்சியில், அதாவது சஃபாரிக்கான திறந்த ஜீப்பில், உட்கார்ந்தால் உன் கண் தரையிலிருந்து சுமார் இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும். நடந்து வரும் புலியின் கண் ஒரு மீட்டருக்கும் கீழே. 8 மீட்டரில் நின்று எடுத்தால் லென்ஸ் குனிந்து பார்க்கும். முதுகும் செம்மண்ணும்தான் படத்தை அடைத்துக்கொள்ளும், எவ்வளவு பெரிய ஆண் புலியும் குள்ளமாகிவிடும். அதே புலி 40 மீட்டரில் இருந்தால் கோணம் இரண்டு டிகிரிக்குள் அடங்கும். புலி உன்னை நேருக்கு நேர் பார்க்கும், பின்னாலுள்ள மூங்கில் கரைந்து பச்சையாகிவிடும். உன் ஃபுல் ஃபிரேம் கேமராவில் 400 மி.மீ. வைத்தால் 40 மீட்டரில் படச்சட்டத்தில் அடங்கும் அகலம் 3.6 மீட்டர். மூக்கு முதல் வால் நுனி வரை முழுப் புலியும் அதில் அடங்கும். 600 என்றால் 2.4 மீட்டர்தான், பக்கவாட்டில் நடக்கும்போது வால் போய்விடும். புலியே உன்னை நோக்கி 15 மீட்டர் வரை வந்துவிட்டால் ஜூமை 150க்கு இழு, மறுபடி அதே 3.6 மீட்டர். உன் பழைய 100-400 மி.மீ. ஜூம் லென்ஸே போதும். வாடகைப் பணத்தில் இன்னொரு சஃபாரி போ.

ட்ரைபாட் வேண்டாம், ஜிப்சியில் விரிக்க இடமிருக்காது. லென்ஸைத் தாங்கும் துணிப்பையான பீன் பேக்கைக் காலியாக எடுத்துப் போய் அங்கே அரிசியோ பயறோ வாங்கி நிரப்பு. முக்கால் பங்குக்கு மேல் போட்டால் லென்ஸ் பதியாமல் உருளும். வண்டி நின்றதும் இன்ஜினை அணைக்கச் சொல். உன்னோடு வருபவர்களிடமும் முன்பே பேசிவிடு, ஒருத்தர் எழுந்து நின்றால் வண்டியே ஆடும். பானெட்டுக்கு மேலாக எடுக்காதே. அதிலிருந்து கிளம்பும் சூட்டில் படம் நெளியும், பக்கவாட்டுக்கு நகர்ந்துகொள். வெயில் ஏறியபின் குட்டைக்கு அக்கரையில் 100 மீட்டரில் படுத்திருக்கும் புலிக்கும் இதே கதிதான். ஷட்டர் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் கானல் போகாது, லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

விடியலில் கேமராவின் ஒளி உணர்திறன் (ஐஎஸ்ஓ) 6400 போனாலும் பயப்படாதே. புள்ளி புள்ளியாக இருப்பதைப் பிறகு சரிசெய்யலாம், ஆடிப்போன படத்தை யாராலும் சரிசெய்ய முடியாது. நடக்கும் புலிக்கு ஷட்டர் வேகம் 1/800 விநாடிக்குக் குறைய வேண்டாம், குட்டிகள் விளையாடினால் 1/2000. தண்ணீரில் உட்கார்ந்திருந்தால் 1/250 போதும், ஆனால் எழுவதற்கு முன்பே கூட்டிவை. மே மாதத்தில் குட்டைதான் உனக்கு நல்ல இடம். புலி தண்ணீரில் பெரும்பாலும் பின்பக்கமாகத்தான் இறங்கும், முகம் கரையைப் பார்த்தபடி இருக்கும். தண்ணீரில் விழும் பிம்பத்துக்கும் கீழே இடம் விடு. நிழலில் இருண்ட புதர் பின்னணி என்றால் கேமராவின் ஒளி மீட்டர் ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கண்ணுக்கு மேலும் கன்னத்திலும் உள்ள வெள்ளை வெளுத்துப்போகும். வெளிச்ச அளவை அரை ஸ்டாப், முக்கால் ஸ்டாப் குறைத்துக்கொள். புல்லுக்குள் இருக்கும்போது கண்ணைத் தேடும் ஃபோகஸை நம்பாதே, முன்னால் ஆடும் ஒரு புல்லைப் பிடித்துக்கொண்டு விடாது. சின்ன ஒற்றைப் புள்ளியைக் கண்ணில் வை.

இனி வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பது. இதில்தான் எனக்குப் பயம். தடத்தைப் பார்த்தும், புலியைக் கண்டு மான்கள் எச்சரித்துக் கத்தும் காவல் குரலைக் கேட்டும் டிரைவரும் கைடும் இடத்தைச் சொல்வார்கள். புள்ளிமான் சும்மாவும் கத்தும். கடமான் விடாமல் கத்தினால் நம்பலாம், சிறுத்தையாகவும் இருக்கலாம். புலி தெரிந்ததும் எல்லா வண்டியும் அதன் பின்னால் ஓடும். ஓடினால் கிடைப்பது அதன் பின்பக்கமும், காதுக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைப் பொட்டும்தான். அது போகும் திசையில் முன்னால் போய் 60 மீட்டர் தள்ளி நிறுத்தி, பாதையைக் கடக்க வழிவிட்டுக் காத்திருப்பதுதான் முறை. வண்டிகள் வரிசையாக அடைத்து நின்றால் புலி கடக்க முடியாமல் நிற்கும். காது பின்னால் மடியும், வால் நுனி துடிக்கும், திரும்பிப் போகப் பார்க்கும். தாய்ப்புலி என்றால் குட்டிகள் அந்தப் பக்கம் மாட்டிக்கொள்ளும். அந்த முகத்தைத்தான் பலர் 'கோபப் பார்வை' என்று சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும்.

வனவிலங்குக்கும் வண்டிக்கும் 20 மீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும் என்று புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதலே இருக்கிறது. டிரைவர்களுக்கு இது தெரியாமலில்லை. 'இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட' என்று பின்சீட்டிலிருந்து வரும் குரலும், முடிவில் கிடைக்கும் டிப்ஸும்தான் அவர்களைத் தள்ளுகின்றன. அந்தக் குரல் உன்னுடையதாக இருக்கக் கூடாது, வசந்தி. தள்ளி நிறுத்தும் டிரைவருக்கு ஒரு நூறு ரூபாய் கூடக் கொடு, எதற்கென்றும் சொல்லிக் கொடு.

முடிந்தால் இரண்டு பக்கமும் எடு. இடப்பக்கக் கோடுகளும் வலப்பக்கக் கோடுகளும் ஒன்றாக இருக்காது. புலிக் கணக்கெடுப்பில் பாதையின் இருபுறமும் எதிரெதிரே கேமரா வைப்பது அதனால்தான். ஒரு பக்கம் மட்டும் இருந்தால், இது போன வருஷம் பார்த்த புலியா, வேறா என்று அடித்துச் சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை காப்பகத்தின் கோர் (உள்மையப்) பகுதி மூடியிருக்கும், ரயில் டிக்கெட்டை அதற்கேற்பப் போடு. வண்டிக்குள் லென்ஸ் மாற்றாதே, புழுதி. பதிவு செய்தபோது கொடுத்த அடையாள அட்டையின் அசலைக் கொண்டுபோ, நகலை நீட்டி வாசலில் வாதாடாதே. ராஜியும் வருகிறாளா? வந்தால் அந்த மஞ்சள் துப்பட்டாவைப் பெட்டியிலேயே வைக்கச் சொல், மறுபடி நான் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
கலா