குமண வில்லுவில் ஜீப்பைக் கொஞ்சம் நிறுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நம் கிழக்கிலங்கை அறுகம்குடாவில் அலைச்சறுக்கு சீசன் தொடங்கிவிட்டால், குமண தேசியப் பூங்கா வாசலுக்குப் போகிற உகந்தை வீதியில் ஜீப்களுக்குக் குறைவிருக்காது. குமணவுக்கு ஆட்கள் வருவது நல்லதுதான். 1985இல் மூடிய பூங்கா 2003இல்தான் மறுபடி திறந்தது. ஆனால் வருகிறவர்களை உள்ளே ஏற்றிக்கொண்டு ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் மனம் பதைக்கிறது.

போன வைகாசியில் குடும்பத்தோடு போயிருந்தோம். வில்லு என்கிற ஆழமில்லாத குளத்தின் ஓரம் ஜீப் நின்றது. வெயில் நன்றாக ஏறியிருந்தது. கண்டல் மரத்துக் கூட்டில் மஞ்சள்மூக்கு நாரை ஒன்று, இரண்டு சிறகையும் விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்தபடி அசையாமல் நின்றது. கீழே கரண்டிவாயன்கள் அலகை இடமும் வலமுமாக வீசித் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தன. என் பேத்தி தொலைநோக்கியைக் கண்ணை விட்டு எடுக்கவில்லை. அதற்குள் சாரதிக்குப் போன் வந்தது: எங்கோ சிறுத்தை நிற்கிறதாம். எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் எஞ்சினை உறுமவிட்டு வண்டியைத் திருப்பினார். கரையோர மரங்களில் இருந்த பறவைகள் அத்தனையும் வெருண்டு எழும்பின.

பெரிய பறவை கூட்டை விட்டு எழும்பினால் குஞ்சு வெயிலில் வாடும். காகமும் பருந்தும் கொத்திக்கொண்டு போகும். சித்திரை கடைசியிலிருந்து ஆடி வரை அங்கே கூடு கட்டும் காலம். அலைச்சறுக்க வெளிநாட்டார் வருவதும், கதிர்காமப் பாதயாத்திரை உகந்தையிலிருந்து காட்டுக்குள் இறங்குவதும் இதே மாதங்களில்தான். பறவைக்கு அமைதி வேண்டிய நேரம் பார்த்துத்தான் கூட்டமும் வருகிறது.

சிறுத்தைக்கு யால இருக்கிறது, யானைக்குப் பக்கத்திலேயே லகுகலை இருக்கிறது. குமணவின் பெருமையே பறவைதான். 255 வகைப் பறவைகள் பதிவான இடம். 2010இல் ராம்சார் ஈரநிலமாகவும், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாகவும், அறிவித்தார்கள். கூழைக்கடாவும் நீர்க்காகமும் அரிவாள்மூக்கனும் ஒரே பார்வையில் கிடைக்கிற வில்லுவை விட்டுவிட்டுப் புழுதிக்குள் சிறுத்தையைத் துரத்துவதில் என்ன கண்டோம்?

கூடு கட்டும் மாதங்களில் வில்லு ஓரம் எஞ்சினை நிறுத்தியே வைக்க வேண்டும், ஒரே நேரத்தில் இத்தனை ஜீப்தான் நிற்கலாம் என்று வனஜீவராசிகள் திணைக்களம் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த வேண்டும். உகந்தை வாசலில் பறவைப் படங்களோடு தமிழ்ப் பெயர் போட்ட சிறு கையேடு ஒன்று கொடுத்தால் நம் பிள்ளைகளுக்கும் பெரிய உதவி.

போகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஜீப்புக்குக் காசு பேசும்போதே, வில்லுவில் ஒரு மணித்தியாலமாவது நிற்க வேண்டும் என்று சாரதியிடம் சொல்லிவிடுங்கள். விடியற்காலையில் போங்கள். வெயில் ஏறிவிட்டால் பறவைக்கும் சிரமம், நமக்கும் சிரமம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருக்கோவில்.