நம் மனைப்பிரிவின் காவல் நாய்களுக்கு நல்ல வேலி வேண்டும்: குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மதுரை அழகர்கோவில் சாலையில், கடச்சனேந்தலுக்கும் அப்பன் திருப்பதிக்கும் நடுவில் உள்ள நம் மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களில் நானும் ஒருத்தி. பூங்கா வாசலில் நீங்கள் ஒட்டிய அறிவிப்பைப் படித்தேன். பெரிய வகை நாய் வளர்ப்பவர்கள் அதை எந்நேரமும் சங்கிலியில் கட்டி வைக்க வேண்டும் என்கிறது ஒரு வரி. எந்த வீட்டின் காம்பவுண்டும் நாலடிக்கு மேல் போகக் கூடாது, கம்பி வலை அடிக்கக் கூடாது, தெரு ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்கிறது அடுத்த வரி. இரண்டையும் பொதுக்குழுவில் தீர்மானமாக்கப் போகிறீர்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் தெருவுக்கு ஆபத்து கூடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

அறிவிப்பு ஏன் வந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்த பையனை, கேட்டைத் தாண்டிக் குதித்த ஒரு நாய் விரட்டியது. கடிக்கவில்லை, ஆனால் அவன் விழுந்து கையில் கட்டுப் போட வேண்டியதாயிற்று. "என் பிள்ளை இனிமே எந்தத் தெரு வழியா வரணும்?" என்று அவன் அம்மா கேட்டபோது நம்மில் யாருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை. என் வீட்டிலும் ஒரு ராஜபாளையம் இருக்கிறது. அவர் கேட்ட கேள்விக்கு நானும் பதில் சொல்லக் கடமைப்பட்டவள்தான்.

முதலில் இந்த நாய்களின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையமாகட்டும், கோம்பையாகட்டும், இப்போது சிலர் பெரும் பணம் கொடுத்து வாங்கி வரும் கங்கால், காக்கேசியன் ஷெப்பர்ட் ஆகட்டும், எதுவும் மடியில் உட்கார வைக்கப் பிறந்ததல்ல. கங்கால் துருக்கியின் சிவாஸ் பகுதியில் ஓநாயிடமிருந்து செம்மறி ஆட்டைக் காத்த நாய். அங்கே மேய்ச்சல் நிலத்துக்கு வேலி கிடையாது. மந்தை எங்கே போகிறதோ அதுதான் அதன் எல்லை. இப்படிப்பட்ட நாய் ஓரிடத்துக்கு வந்ததும் செய்கிற முதல் வேலை, எதுவரை தன்னுடையது என்று சுற்றிப் பார்த்து முடிவு செய்வது. திடமான தடுப்பு இல்லாவிட்டால், பார்வை போகிற வரைக்கும் தன்னுடையது என்று வைத்துக்கொள்ளும். அப்போது பால்காரரும், கூரியர் பையனும், பள்ளிக்கு நடந்து போகும் குழந்தைகளும் அதன் கணக்கில் அத்துமீறி நுழைந்தவர்கள்.

சங்கிலி இதைச் சரி செய்யாது. கட்டிப் போட்ட நாய்க்கு, பயம் வந்தால் விலகிப் போக வழி இல்லை. வருகிறவர்களை எதிர்த்து நிற்பது ஒன்றுதான் மிச்சம். அதே நிலை நாள்கணக்கில் நீண்டால் எதற்கெடுத்தாலும் பாயும் நாயாகிவிடும். அமெரிக்காவின் டென்வர் நகரில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டு 1994-இல் வெளியான ஆய்வில், வீட்டு வளாகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவை கடித்த கூட்டத்தில்தான் கூடுதலாக இருந்தன. கொக்கி தேய்ந்தோ, கழுத்துப் பட்டை கழன்றோ ஒரு நாள் அது வெளியே வந்துவிட்டால், அன்று தெருவில் நிற்பவர் கதி என்ன?

சட்டமும் உங்கள் தீர்மானத்துக்குத் துணை நிற்காது. குட்டையான, கனமான சங்கிலியில் நாயை அளவுக்கு மீறிய நேரம் கட்டி வைப்பதையும், எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை நடமாட விடாமல் வைத்திருப்பதையும், 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 11-ஆவது பிரிவில் வதை என்றே சொல்கிறது. அதே நேரம், தன் விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது நாட்டின் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவு. இரண்டையும் சேர்த்துப் படித்தால், நாயைக் கட்டியும் போடாதே, தெருவிலும் விடாதே என்றுதான் அர்த்தம் வருகிறது. நடுவில் மிஞ்சுவது வேலிதான்.

இந்த வகை நாய்களையே தடை செய்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். கங்கால், காக்கேசியன் ஷெப்பர்ட் உள்ளிட்ட 23 வகைகளுக்கு உரிமம் தர வேண்டாம் என்று ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அரசுக்கே சிக்கலான விஷயத்தில் ஒரு மனைப்பிரிவுச் சங்கம் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

சரி, எப்படிப்பட்ட வேலி? இதில்தான் நம் ஊரில் பலரும் கோட்டை விடுகிறோம்.

உயரத்திலிருந்து தொடங்குகிறேன். ராஜபாளையத்துக்குத் தோள் உயரமே இரண்டடிக்கு மேல். ஓடி வந்து எழும்பினால் நாலடிச் சுவர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பக்கவாட்டிலும் பின்னாலும் ஆறடி வேண்டும். முன்பக்கம், கட்டட விதி எவ்வளவு சுவருக்கு இடம் தருகிறதோ அவ்வளவு எழுப்பி, மேலே கம்பி வலை. சுவர் உயரத்தை மட்டும் அளந்தால் போதாது, சுவரோரம் என்ன கிடக்கிறது என்றும் பார்க்க வேண்டும். தரைக்கு மேல் இரண்டடி எழும்பி நிற்கும் செப்டிக் டேங்க் மூடி, அடுக்கி வைத்த செங்கல், நிறுத்தி வைத்த ஸ்கூட்டர் என்று ஏதாவது ஒன்று இருந்தால் ஆறடிச் சுவர் நாலடியாகிவிடும். சுவரிலிருந்து ஐந்தடிக்கு எதுவும் இருக்கக் கூடாது.

சுவர் உச்சியில் கண்ணாடிச் சில்லு பதிப்பதும் முள்கம்பி இழுப்பதும் நம் பக்கத்துப் பழக்கம். நாய் வீட்டுக்கு இரண்டும் வேண்டவே வேண்டாம். குதிக்கிற வேகத்தில் இருக்கும் நாய் முள்ளைப் பார்த்து நிற்பதில்லை. வயிறும் பாதமும் கிழிந்து, வலியோடும் ஆத்திரத்தோடும் தெருவில் வந்து விழும். அதற்குப் பதிலாக, ஒன்றரை அடி இரும்பு ஆங்கிளை வீட்டுப் பக்கம் சாய்த்து வெல்டிங் செய்து, அதில் வலையைக் கட்டினால் போதும். தலைக்கு மேல் கூரை மாதிரி கவிந்திருப்பதை நாயால் தாண்ட முடியாது.

கம்பி வேலி என்றால் கடையில் கேட்டவுடன் தருகிற மெலிந்த டைமண்ட் வலை இந்த நாய்களுக்குத் தாங்காது. கங்கால் மாதிரி ஐம்பது, அறுபது கிலோ உடம்பு தினமும் சாய்ந்தால் கொஞ்ச நாளில் வலை தொப்பை போட்டுவிடும். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். 12 கேஜ் கம்பி இரண்டரை மில்லி சொச்சம், 10 கேஜ் மூன்று மில்லிக்கு மேல். 10 கேஜில், இரண்டு அங்குலக் கண்ணில் (வலையின் துளையில்), துத்தநாகப் பூச்சு உள்ளதாக வாங்குங்கள். மூன்று, நாலு அங்குலக் கண் என்றால் நாய் கால் வைத்து ஏறும், குழந்தைகள் கையை உள்ளே விடுவார்கள். வலையை, வேலிக்கு ஊன்றிய கல்காலுக்கு உள்பக்கம், அதாவது நாய் இருக்கிற பக்கம் கட்ட வேண்டும். வெளிப்பக்கம் கட்டினால் நாய் தள்ளுகிற பாரமெல்லாம் கட்டுக்கம்பி மேல் விழுந்து ஒவ்வொன்றாக அறுந்து வரும். உள்பக்கம் கட்டினால் அந்தப் பாரத்தைக் கல்காலே தாங்கிக்கொள்ளும்.

அடுத்து அடிப்பக்கம். நம் மனைகள் பெரியாறு பாசனத்தில் நெல் விளைந்த நிலம். ஐப்பசி மழை இறங்கியதும் மண் இளகி, நாய்க்குத் தோண்டுவது சுலபமாகிவிடும். அதனால் வேலிக்குக் கீழே ஒன்றரை அடி ஆழத்துக்குக் கான்கிரீட் பெல்ட் போடுவது நல்லது. செலவு அதிகம் என்பவர்கள் இரண்டடி அகல வலையை வேலியின் அடியோடு இணைத்து, உள்பக்கமாகத் தரையில் படுக்க வைத்து, மேலே மண்ணும் கல்லும் போட்டு மூடலாம். நாய் எப்போதும் வேலியை ஒட்டித்தான் தோண்டும். நகத்தில் கம்பி தட்டியதும் விட்டுவிடும். திருமங்கலம் பக்கம் கரிசலில் வீடு கட்டியிருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு சொல்: கோடையில் வெடித்து மழையில் ஊதும் மண்ணில், மேலாக ஊன்றிய கல்கால் சாயத்தான் செய்யும். குழியை ஆழப்படுத்திக் கான்கிரீட் போடுங்கள்.

தெருவைப் பார்த்த பக்கம் கீழ் நாலடி மறைவாக இருக்க வேண்டும். போகிற வருகிறவர் ஒவ்வொருவரையும் நாள் முழுக்கப் பார்க்க விட்டால், வேலியோரமாக ஓடி ஓடிக் குரைத்தே அதற்குப் பித்துப் பிடித்துவிடும். அக்கம்பக்கத்தாருக்கும் தூக்கம் போகும். வயலைப் பார்த்த பின்பக்கம் திறந்த வலையே போதும். காவல் நாய்க்கு ஒரு பக்கமாவது தூரம் தெரிய வேண்டும், சித்திரை வெயிலில் காற்றும் வர வேண்டும். சிலர் தகர ஷீட்டால் நாலு பக்கமும் அடைக்கிறார்கள். அது நாயை வாணலியில் போடுவதற்குச் சமம், தயவுசெய்து செய்யாதீர்கள். வலைக்கு வெளியே கிளுவைக் குச்சியை நெருக்கமாக ஊன்றிவிட்டால் சில வருடங்களில் பச்சை மதில் கிடைக்கும். தெரு அழகாக இருக்க வேண்டும் என்ற உங்கள் ஆசையும் நிறைவேறும். ஆனால் கிளுவை மட்டுமே வேலியாகாது, வலைக்குத் துணையாகத்தான் அது.

ஆன்லைனில் விற்கிற கம்பியில்லா வேலி, அதாவது எல்லை தாண்டினால் கழுத்துப் பட்டையில் ஷாக் அடிக்கிற கருவி, இந்த நாய்களுக்கு ஒத்து வராது. கங்கால் மாதிரி தடித்த ரோமமும் வலி பொறுக்கிற குணமும் உள்ள நாய், மதில் மேல் வந்து உட்காரும் அழகர்மலைக் குரங்கைக் கண்டால் ஷாக்கை வாங்கிக்கொண்டே தாண்டிவிடும். வேகம் அடங்கியதும் திரும்பி வரப் பயந்து வெளியிலேயே நிற்கும். வெளியிலிருந்து வருகிற தெருநாயையோ குழந்தையையோ அந்தக் கருவி தடுக்கவும் செய்யாது. வீட்டு மின்சாரத்தை நேரடியாக வேலியில் விடுவது உயிரைக் குடிக்கிற குற்றம். அதைப் பற்றிப் பேசவே ஒன்றுமில்லை.

வேலி எவ்வளவு பலமாக இருந்தாலும் நாய் வெளியேறுவது பெரும்பாலும் கேட் வழியாகத்தான். நம் பகுதியில் தண்ணீர் லாரி வந்தால் தொட்டி நிறைகிற வரைக்கும் கேட் திறந்தே கிடக்கிறது. சிலிண்டர் போடுபவர் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு வருகிறார். கரண்ட் ரீடிங் எடுப்பவர் மீட்டரைத் தேடி வீட்டைச் சுற்றி நடக்கிறார். இத்தனை பேரையும் குறை சொல்ல முடியாது, வேலையைப் பார்க்கிறார்கள். வீட்டுக்காரர்தான் இதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். தெருக் கேட்டுக்கு உள்ளே ஆறேழு அடி தள்ளி இன்னொரு கேட் போட்டு, மீட்டர் பெட்டி, தண்ணீர்த் தொட்டி மூடி, சிலிண்டர் இறக்கும் இடம் மூன்றும் அந்த இடைவெளியிலேயே இருக்கும்படி செய்துவிட்டால் வெளியாள் யாரும் நாய் உலவும் இடத்தில் கால் வைக்க வேண்டியதே இல்லை. உள் கேட்டுக்குத் தானாகச் சாத்திக்கொள்ளும் ஸ்பிரிங் கீல் போடச் சொல்லுங்கள். குறுக்குப் பட்டி வைத்த கேட் நாய்க்குப் படிக்கட்டு, அதனால் கம்பிகள் நெடுக்காகவே இருக்கட்டும். தூக்கிவிடுகிற கொக்கியை மூக்காலேயே திறந்துவிடும். தாழ்ப்பாளும் பூட்டும் வேண்டும்.

ராஜபாளையம் வளர்ப்பவர்களுக்காக ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2005-இல் தபால் தலையில் இடம்பிடித்த, நம் மண்ணின் பெருமைக்குரிய இனம் அது. ஆனால் அந்த வெள்ளை நிறத்தோடு சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேளாமையும் வருகிறது. அப்படிப்பட்ட நாய் சாலைக்குப் போய்விட்டால் பேருந்தின் ஹாரனும் கேட்காது, நாம் கூப்பிடுவதும் கேட்காது. அதற்கு வேலி ஒன்றுதான் காப்பு.

நாய் வளர்ப்பவர்களிடமும் எனக்குக் கேட்க வேண்டியது இருக்கிறது. மூன்று செண்ட் மனையில் வீடு போக மிஞ்சுவது நடக்கக் கூடப் போதாத சந்து. அங்கே கங்காலை வாங்கி வந்து வைப்பது நியாயமில்லை. எந்த வேலியும் அந்தக் குறையை ஈடு செய்யாது. இடம் இருப்பவர்களும், நாய் குட்டியாக இருக்கும்போதே வேலியைப் போட்டுவிடுங்கள். ஒரு முறை தாண்டிப் பழகிய நாய் அதன் பிறகு உயரத்தைக் கூட்டினாலும் முயன்றுகொண்டேதான் இருக்கும். கருத்தடையும் வருடாந்திர வெறிநோய்த் தடுப்பூசியும் வேலியோடு சேர்ந்த கடமைகள்.

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மதுரைக்குப் புறப்பட்டு நம் சாலை வழியாகத்தான் வருகிறார். கொட்டும் வேட்டும் லட்சக்கணக்கான ஜனமும் ராத்திரி பகலாகப் போகும். தீபாவளியைப் போலவே அன்றும் நாய்கள் மிரண்டு ஓடும். அதற்குள் வேலி வேலை முடிய வேண்டும் என்பது என் கவலை.

ஆகவே சங்கத்திடம் நான் கேட்பது இது. சங்கிலித் தீர்மானத்தைக் கைவிடுங்கள். நாலடி வரம்பிலிருந்து பெரிய நாய் வளர்க்கும் வீடுகளுக்கு, கட்டட விதிக்கு உட்பட்டு, விலக்குக் கொடுங்கள். அதோடு, அந்த வீடுகளுக்கு நல்ல வேலியைக் கட்டாயமாகவும் ஆக்குங்கள். உயரம், அடித்தடுப்பு, இரட்டைக் கேட் மூன்றும் இல்லாத வீட்டுக்குச் சங்கம் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்கட்டும், மூன்று மாத அவகாசம் தரட்டும். செயற்குழுவில் இருவர் டேப் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அளந்து பார்க்கட்டும். முதலில் என் வீட்டுக்கு வாருங்கள். கை உடைந்த பையனின் அம்மாவையும் அழைத்து வாருங்கள், அவருக்குத் திருப்தி இல்லாத இடத்தை மாற்றிக்கட்ட நான் தயார்.

இப்படிக்கு,
இரண்டாவது தெருவில் குடியிருக்கும் சங்க உறுப்பினர்