செயலாளரின் ஆண்டறிக்கை, 2021-22

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகசபையினருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டக் குறிப்பு வாசித்து ஏற்கப்பட்டுவிட்டதால் நேரே விடயத்துக்கு வருகிறேன். தென்மேற்கு லண்டனில் இருந்து உதைபந்தாட்டம் பார்க்கும் எங்களுக்கு இது நல்ல ஆண்டல்ல. எங்கள் ஏஎஃப்சி விம்பிள்டன் கழகம் இங்கிலாந்தின் மூன்றாம் பிரிவான லீக் வன்னிலிருந்து நான்காம் பிரிவான லீக் டூவுக்கு இறங்கிவிட்டது. பருவத்தின் பிற்பாதியில் வெற்றி என்பதே கண்ணில் படவில்லை. இதுபற்றி நிர்வாகசபையில் பேசப்பட்டவை எழுத்தில் வைக்கத் தக்கவை அல்ல.

சிறுவர் பயிற்சி ஒழுங்காக நடந்தது. மைதான வாடகை கூடியதைப் பொருளாளர் விளக்குவார்.

ஆண்டின் முக்கிய நிகழ்வு முன்கள வீரர் அடேபாயோ அகின்ஃபென்வா பற்றிய கலந்துரையாடல். மே 21ஆம் திகதி வெம்ப்ளியில், மேற்பிரிவுக்கு ஏறும் கடைசி இடத்துக்கான பிளே-ஓஃப் இறுதியில், அவருடைய கழகமான விக்கம் வொண்டரர்ஸ் சண்டர்லாந்திடம் 2-0 எனத் தோற்றதோடு, 40 வயதில் அவர் விடைபெற்றார். 2014 முதல் 2016 வரை விம்பிள்டனுக்காக அப்போதைய சொந்த மைதானமான கிங்ஸ்மெடோவில் ஆடியவர் என்பதால் எங்களுக்கு அவரில் ஓர் உரிமை உண்டு. பிள்ளைகளுக்கு அவரைக் காணொளி விளையாட்டில் வரும் மிகப் பலசாலி வீரராகத்தான் தெரியும். அதற்கு மேலும் தெரியட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு.

இஸ்லிங்டனில் பிறந்து வாட்ஃபோர்ட் இளையோர் அணியில் வளர்ந்தவர், 2001இல் லித்துவேனியாவின் அட்லாண்டாஸ் கழகத்துக்குப் போனார். பதின்ம வயதுப் பையன். அங்கே அவர் கேட்ட நிறவெறிக் கூச்சலைப் பற்றிப் பின்னாளில் பலமுறை பேசியிருக்கிறார். ஆனாலும் ஓடிவரவில்லை. திரும்பிய பிறகு 2003, 2004 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்குள் பாரி டவுன், பொஸ்டன் யுனைட்டட், லேட்டன் ஓரியன்ட், ரஷ்டன் அண்ட் டயமன்ட்ஸ், டொங்காஸ்டர் என்று ஐந்து கழகங்கள். இந்தப் பட்டியலை வாசித்தபோது சபையில் சிரிப்பு எழுந்தது. சிரிக்கிற விடயமல்ல. கீழ்ப்பிரிவுகளில் ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டு, இரண்டாண்டுதான். பருவம் முடிந்ததும் கழகம் யாரை வைத்திருக்கிறது, யாரை விடுகிறது என்று பட்டியல் போடும். ஆனியில் வீட்டு வாடகைக்கு என்ன செய்வது என்று யோசிக்கிற வீரர்கள்தான் அங்கே அதிகம்.

டோர்கீயில் ஒரு பருவம் நன்றாக ஆடி 2005இல் ஸ்வான்ஸி சென்றார். அங்கு புதிய லிபர்ட்டி அரங்கின் முதல் லீக் ஆட்டத்தில் வெற்றிக் கோலை அடித்தார். அடுத்த வசந்தத்தில் கீழ்ப்பிரிவுக் கழகங்களுக்கான லீக் ட்ரோஃபி இறுதியிலும் கோல். அதே 2006 மே மாதம் பார்ன்ஸ்லிக்கு எதிரான பிளே-ஓஃப் இறுதியில் தண்ட உதையைத் தவறவிட்டார். பிறகு கால் முறிவு. மில்வோலில் கோலே இல்லை. நோர்தாம்டன், ஜில்லிங்ஹம், மீண்டும் நோர்தாம்டன், மீண்டும் ஜில்லிங்ஹம். முன்பு ஆடிய கழகங்களே திரும்ப அழைத்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

நூறு கிலோவைத் தாண்டிய உடம்பைத்தான் எல்லோரும் பேசினார்கள். என் கருத்தில் ஆட்டம் அதில் இல்லை. கோல் கம்பத்துக்கு முதுகு காட்டி நின்று, உயரமாக வரும் பந்தை நெஞ்சில் இறக்கி, ஓடிவரும் சக வீரனின் காலுக்குக் கொடுப்பதுதான் அவருடைய வேலை. எங்கள் பதினான்கு வயதுப் பிரிவினருக்குப் பயிற்சியாளர் இதைத்தான் செய்து காட்டினார்.

2015 ஜனவரி 5இல் எஃப்ஏ கிண்ணத்தில் லிவர்பூல் கிங்ஸ்மெடோவுக்கு வந்தது. தான் சிறுவயது முதல் நேசித்த அணிக்கு எதிராகவே அவர் கோல் போட்டார். லிவர்பூல் அணித்தலைவர் ஜெராட் இரண்டு போட்டு 2-1 என வென்றுபோனார். 2016 மே 30இல் வெம்ப்ளியில் பிளிமத்துக்கு எதிரான லீக் டூ பிளே-ஓஃப் இறுதி, 90 நிமிடங்கள் முடிந்து கூட்டிக்கொடுத்த நிமிடங்களில் அவருடைய தண்ட உதை, 2-0, விம்பிள்டன் லீக் வன்னுக்கு ஏறியது. அதே மைதானத்தில் நின்று, தனக்கு இப்போது வேலை இல்லை, முகாமையாளர்கள் யாராவது வாட்ஸ்அப்பில் கூப்பிடுங்கள் என்றார். விக்கமின் அன்றைய முகாமையாளர் கரெத் எய்ன்ஸ்வேர்த் எடுத்துக்கொண்டார்.

விம்பிள்டன் அவரை அப்போது விட்டது சரியா என்று சபையில் காரசாரமான விவாதம். 34 வயதுக்காரரை வேகமான பிரிவுக்குக் கொண்டுபோக முடியாது, சரிதான் என்றேன் நான். அவர் அதன்பின் ஆறு பருவங்கள் ஆடியதை எதிர்த்தரப்பு எடுத்துவைத்தது: 2018இல் ஓர் ஏற்றம், 2020 ஜூலையில் ஆளில்லா வெம்ப்ளியில் ஒக்ஸ்ஃபோர்டை வென்று, விக்கமின் வரலாற்றிலேயே முதன்முறையாக இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப், லிவர்பூலின் அன்றைய முகாமையாளர் யுர்கன் குளொப்பிடமிருந்து வாழ்த்துக் காணொளி. கைதூக்கச் சொன்னதில் பெரும்பான்மை எனக்கு எதிர். குறிப்பேட்டில் அப்படியே பதிந்திருக்கிறேன்.

அடுத்த பருவத்தில் விம்பிள்டனின் மைதானமான பிளவ் லேனுக்குச் சேர்ந்து போக விரும்புவோர், லீக் டூ தானே என்று தயங்காமல், பெயர்களைத் தரவும். சந்தா நிலுவை உள்ளவர்கள் இன்றே செலுத்தினால் நல்லது. தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் குழுவுக்கு நன்றி. கணக்கறிக்கையை வாசிக்கப் பொருளாளரை அழைக்கிறேன்.

செயலாளர்