பாடசாலை வாசலில் பார்க்கிங் அலுவலர்களை ஏசுவது குறித்து

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

போன சனிக்கிழமை காலை நமது வாசலில் நடந்ததை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். மற்றவர்கள் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். பார்க்கிங் அபராத டிக்கெட் எழுதிக்கொண்டிருந்த வோர்டனை (பார்க்கிங் அலுவலரை) ஒரு தந்தை கெட்ட வார்த்தைகளால் ஏசி, அவர் கையிலிருந்த கருவியைத் தட்டிவிடப் போனார். பக்கத்தில் நின்றவர்கள் தடுக்கவில்லை, சேர்ந்து கத்தினார்கள். அவர்களில் ஒருவர் அந்த மனிதரின் நிறத்தைச் சொல்லித் தமிழில் ஏசினார். அவருக்கு எங்கே விளங்கப்போகிறது என்ற துணிவுதான். வரிசையில் நின்ற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நன்றாக விளங்கியது. இடைவேளையில் அதே சொல்லை ஒரு மாணவன் இன்னொருவனைப் பார்த்துச் சொன்னதை ஆசிரியை கேட்டிருக்கிறார். அதனால்தான் இதைச் சுற்றறிக்கையின் கடைசி வரியாகப் போடாமல் தனிக் கடிதமாக எழுதுகிறேன்.

உங்கள் கோபத்தின் காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. 2025 ஏப்ரலில் இருந்து லண்டனின் பல பகுதிகளில் ஒரு டிக்கெட் 160 பவுண்ட். 14 நாட்களுக்குள் கட்டினால் பாதி, அதாவது 80 பவுண்ட். இரவு வேலை முடித்து நித்திரையும் இல்லாமல் பிள்ளையைக் கூட்டி வருகிறவருக்கு அது ஒரு நாள் உழைப்பு. அறிவிப்புப் பலகைகள் சில மரக்கிளைக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன என்பதும் உண்மை. தவறான டிக்கெட்டும் உண்டு. 1960 செப்டம்பரில் லண்டனில் ட்ராஃபிக் வோர்டன்கள் வேலை தொடங்கியபோது முதல் டிக்கெட் போனதே, அவசரமாக நோயாளியைப் பார்க்க வந்த ஒரு வைத்தியருக்குத்தான். பிறகு அதை விட்டுக்கொடுத்தார்கள்.

ஆனால் டிக்கெட் எழுதுகிறவரால் என்ன செய்ய முடியும், என்ன முடியாது என்று ஒருமுறை பாருங்கள். அவர் வந்ததும் வண்டியின் இலக்கத்தைக் கருவியில் பதிகிறார். சில இடங்களில் டயரின் காற்று வால்வு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக்கூடக் குறித்துக்கொள்கிறார். வண்டி நடுவில் நகர்ந்ததா என்று அறிய அதுதான் வழி. சில நிமிடம் காத்திருக்கிறார். பிறகு வீதியில் உள்ள கோட்டையும் அறிவிப்புப் பலகையையும் வண்டியின் முன் கண்ணாடியையும் படம் எடுக்கிறார். டிக்கெட்டை அச்சிட்டுக் கண்ணாடியில் வைத்துவிட்டால் அவர் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அதை ரத்து செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை, உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலுக்குத்தான் உண்டு. நீங்கள் கெஞ்சினாலும் கத்தினாலும் அவரால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. டிக்கெட் வைக்க விடாமல் மறித்தாலோ, அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினாலோ தப்பிவிடலாம் என்று சிலர் நினைக்கிறீர்கள். அப்படியான டிக்கெட்டைத் தபாலில் அனுப்பச் சட்டம் இடம் தருகிறது.

'அவங்களுக்குக் கமிஷன்' என்ற கதையும் நமது வாசலில் அடிக்கடி கேட்கிறது. எத்தனை டிக்கெட் எழுதினார் என்பதை வைத்துச் சம்பளமோ ஊக்கத்தொகையோ கொடுக்கக்கூடாது என்பது கவுன்சில்களுக்கான அரசின் வழிகாட்டல். சரி, அந்தக் காசு எங்கே போகிறது? செலவு போக மிஞ்சுவதை 1984ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்து ஒழுங்குபடுத்தல் சட்டம் சொல்லும் தேவைகளுக்கு மட்டும்தான் செலவழிக்கலாம்: வீதி, பொதுப் போக்குவரத்து போன்றவை. லண்டன் கவுன்சில்கள் அதில் பெரும் பங்கை முதியோர் இலவசமாகப் பயணிக்கும் ஃப்ரீடம் பாஸுக்குப் போடுகின்றன. ஒவ்வொரு சனியும் பேரப்பிள்ளைகளோடு பஸ்ஸில் வந்து இறங்கும் நமது அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும் கையில் வைத்திருக்கும் அதே பாஸ்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஊருக்கு வந்த புதிதில் நம்மவர்கள் பலர் செய்த வேலை இது. பெட்ரோல் ஸ்டேஷன் இரவு வேலை, கடை வேலை, அப்புறம் இந்தச் சீருடை. இன்றைக்கும் நமது பாடசாலைத் தந்தை ஒருவர் வேறொரு கவுன்சிலில் இதே வேலை செய்கிறார். போன வாரம் அவர் என்னிடம் வந்து கதைத்தார். துப்புவார்கள், வண்டியை மேலே ஏற்றுவதுபோல் எடுப்பார்கள், 'உன் நாட்டுக்குப் போ' என்பார்கள், இதெல்லாம் பழகிவிட்டது என்றார். எந்தக் கவுன்சில் என்பதை மட்டும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். காரணம், இங்கே நிற்கும் பெற்றோருக்கு அவர் செய்யும் வேலை தெரிந்துவிடும் என்பது. அந்த 'உன் நாட்டுக்குப் போ' நம்மில் யாருக்குத்தான் விழாத பேச்சு? அதை விழுங்கியவர்கள் அதையே தமிழில் இன்னொருவருக்குக் கொடுப்பதை என்னால் சகிக்க முடியவில்லை. வெட்கமாகவும் இருக்கிறது.

டிக்கெட் தவறு என்று நினைத்தால் செய்ய வேண்டியது இதுதான். வண்டியை எடுப்பதற்கு முன் பலகையையும் கோட்டையும் உங்கள் போனில் படம் எடுங்கள். டிக்கெட்டில் உள்ள இலக்கத்தைக் கவுன்சில் இணையதளத்தில் போட்டால் வோர்டன் எடுத்த படங்களைப் பார்க்கலாம். 14 நாட்களுக்குள் எழுதி ஆட்சேபியுங்கள். அதை நிராகரித்தாலும் பாதித் தொகைக்கான வாய்ப்பைப் பெரும்பாலும் திரும்பத் தருவார்கள். அதற்கு மேலும் போராட விரும்பினால் வண்டி உரிமையாளருக்கு அறிவித்தல் வரும். அது வந்து 28 நாட்களுக்குள் முறையாக எழுதலாம். அதையும் மறுத்தால் லண்டன் ட்ரிப்யூனல்ஸ் என்ற மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே முறையிடக் கட்டணம் இல்லை, முடிவெடுப்பவர்களும் கவுன்சில் ஆட்கள் அல்ல. ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம் என்றால் அலுவலகத்துக்கு வாருங்கள். மேல்வகுப்பு மாணவர்களே அழகாக எழுதித் தருவார்கள். அவர்களுக்கும் அது நல்ல பயிற்சி.

ஏசியவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது. வோர்டன்கள் பலர் நெஞ்சில் கமரா அணிந்திருக்கிறார்கள். அது குரலையும் பதிகிறது. அதற்குத் தமிழ் விளங்கத் தேவையில்லை, பொலிஸுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். பொது இடத்தில் மிரட்டுவதும் அச்சுறுத்தும் வகையில் திட்டுவதும் 1986ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டத்தின்படி குற்றம். அதில் இனமோ நிறமோ சேர்ந்தால் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தண்டனை கூடும். பொதுமக்களுக்குச் சேவை செய்பவரைத் தாக்கினால் அதையும் தண்டனையைக் கூட்டும் காரணமாக நீதிமன்றம் எடுக்க வேண்டும் என்று 2022இல் சட்டம் வந்திருக்கிறது. 160 பவுண்டுக்காக ஒருவர் பொலிஸ் பதிவோடு வாழ்வது எந்தக் கணக்கில் சேரும்? டாக்ஸி உரிமமும் பாதுகாப்பு வேலை உரிமமும் வைத்திருப்பவர்கள் நம்மிடையே நிறைய. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பாடசாலை நிர்வாகக் குழு கூடி எடுத்த முடிவு இது. போன வாரச் சம்பவம் பற்றிக் கவுன்சில் கேட்டால் நாங்கள் பார்த்ததை அப்படியே சொல்வோம், யாரையும் மறைக்க மாட்டோம். ஏசிய இருவரோடும் தனியாகக் கதைத்திருக்கிறேன். ஒருவர் மன்னிப்புக் கடிதம் எழுதித் தந்துவிட்டார். மற்றவர் தரும்வரை வாசலுக்குள் வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறோம். அவர் பிள்ளை வழக்கம்போல வகுப்புக்கு வரலாம், அந்தப் பிள்ளையிடம் யாரும் இதைப் பற்றி ஒரு சொல் கேட்கக்கூடாது. வாட்ஸ்அப்பில் உலவும் வீடியோவை அழித்துவிடுங்கள். அதில் வோர்டனின் முகம் மட்டுமல்ல, நமது பிள்ளைகளின் முகங்களும் இருக்கின்றன. மஞ்சள் அங்கி போட்டு வீதியில் நிற்கும் நமது தொண்டர்களுக்கும் இதே ஏச்சு விழுகிறது. அவர்களும் உங்களைப் போன்ற பெற்றோர்தான், சம்பளம் இல்லாமல் குளிரில் நிற்கிறார்கள். இந்தக் கட்டடம் நமக்கு வாடகைக்கு வந்தது என்பதையும் மறக்க வேண்டாம். அயலவர் முறைப்பாடு கூடினால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கட்டட உரிமையாளர்கள் யோசிப்பார்கள்.

இனி சனிக்கிழமை நடைமுறை. வாசலில் வளைந்து வளைந்து போகும் மஞ்சள் கோட்டுக்கான (ஸிக்-ஸாக்) பலகை திங்கள் முதல் வெள்ளி வரை என்கிறது. எனவே சனியில் அதற்கு டிக்கெட் வராது. ஆனாலும் அங்கே நிறுத்த வேண்டாம். இரண்டு வண்டிக்கு நடுவிலிருந்து குறுக்கே வரும் ஐந்து வயதுப் பிள்ளையை எந்த ஓட்டுநராலும் பார்க்க முடியாது. இரட்டை மஞ்சள் கோடு வாரத்தின் எல்லா நாளும்தான். பிள்ளையை இறக்கிவிட்டு உடனே போவதற்கு அங்கே நிற்கலாம், தப்பில்லை. ஆனால் வண்டியைப் பூட்டிவிட்டு வகுப்பு வரை போய், ஆசிரியையிடம் வீட்டுப்பாடம் பற்றிக் கதைத்து, அப்படியே சிற்றுண்டி மேசையில் ஒரு ரோல்ஸும் தேநீரும் முடித்து வந்தால் அது பார்க்கிங். பக்கத்துத் தெருவின் பெர்மிட் (அனுமதிச் சீட்டு) இடங்களுக்குச் சனியிலும் கட்டுப்பாட்டு நேரம் இருக்கிறது, பலகையை வாசியுங்கள். நடைபாதையில் ஏற்றி நிறுத்துவது, பலகை அனுமதித்த இடங்களைத் தவிர, லண்டன் முழுவதும் தடை. 1974இல் இருந்தே அப்படித்தான். அயல் வீட்டு டிரைவ்வேயை மறிப்பதும் தடை. காசு கட்டி நிறுத்தும் இடத்தில் நேரம் முடிந்த பிறகு 10 நிமிடம் சலுகை உண்டு. மஞ்சள் கோட்டில் அந்தச் சலுகை இல்லை.

வரும் சனியிலிருந்து பின் வாசலையும் திறக்கிறோம். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அந்தப் பக்கம் இறக்கிவிடலாம். உள்ளே கூட்டிப்போக இரண்டு ஆசிரியர்கள் நிற்பார்கள். சின்னப் பிள்ளைகளோடு உள்ளே வர வேண்டியவர்கள் காசு கட்டும் கார் பார்க்கில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். ஒரே தெருவில் இருந்து வரும் குடும்பங்கள் மாறி மாறி ஒரு வண்டியில் வர விரும்பினால் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள், சேர்த்துவிடுகிறோம். பின் வாசலில் நிற்க இன்னும் சில தொண்டர்கள் தேவை. முடிந்தவர்கள் வெள்ளிக்கிழமை மாலைக்குள் அலுவலகத்துக்கு அறிவியுங்கள், மஞ்சள் அங்கி நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்