ஊருக்குப் போனவர்கள் மேல் பழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் கட்டுமானப் பணிகள் இழுத்துக்கொண்டே போவதைப் பற்றி சென்ற வார இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ‘தீபாவளிக்கும் சட் பூஜைக்கும் வட மாநிலத் தொழிலாளர்கள் கூட்டமாக ஊருக்குக் கிளம்பிவிடுவதே தாமதத்துக்கு முதன்மைக் காரணம்’ என்று அதில் ஒரு வரி. எழுதியவர் ஐப்பசி மாதத்தில் ஏதாவது ஒரு சைட்டில் கால் வைத்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

பீகார்க்காரர்களின் பெரிய பண்டிகையான சட் பூஜை தீபாவளி முடிந்த ஆறாம் நாள் வருகிறது. சென்னைக்கு ஒரு வருடத்தில் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தச் சமயத்தில் அஸ்திவாரக் குழியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். காலையில் மோட்டார் போட்டு இறைத்தால் ராத்திரி மழையில் மறுபடி நிறைந்துவிடும். அப்போது பீகார்க்காரர் தன் ஊரில் இருந்தால் என்ன, இங்கே தகரக் கொட்டகையில் முடங்கிக் கிடந்தால் என்ன? உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு வாரம் அவர்கள் ஊருக்குப் போனால் சோற்றுச் செலவு மிச்சம் என்று நினைக்கிற ஒப்பந்தக்காரர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

நான் பிளானிங் என்ஜினியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். ‘ஏ.சி. ரூமில் உட்கார்ந்து கோடு போடுகிற வேலைதானே’ என்று கேட்பவர்கள் உண்டு, என் மைத்துனர் உட்பட. எந்த வேலை முடிந்தால் எதைத் தொடங்கலாம், எதற்கு எத்தனை ஆள், கம்பி எப்போது சைட்டுக்கு வர வேண்டும் என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு தேதி வரும். அதுதான் முடிவுத் தேதி, அதுதான் முறை. ஆனால் நான் பார்த்த அரசு வேலைகளில் பெரும்பாலும் தேதிதான் முதலில் வரும். வேலையை அதற்குள் மடித்துத் திணிப்பது எங்கள் பொறுப்பு.

ஒரு மாவட்டத் தலைநகரில் அலுவலகக் கட்டடம் ஒன்று. எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று கோடு கோடாகக் காட்டும் பார் சார்ட்டை எடுத்துக்கொண்டு போய் மேலதிகாரியின் மேஜையில் விரித்தேன். அவர் மற்ற எதையும் பார்க்காமல் நேராகக் கடைசிக் கோட்டுக்குப் போனார். ஆகஸ்ட் என்று இருந்தது. ‘மார்ச்சில் திறப்பு விழா’ என்றார். நடுவில் வெறுமையாக விட்டிருந்த இடத்தில் விரலை வைத்து, ‘இது என்ன சும்மா கிடக்கு?’ என்று கேட்டார். வடகிழக்குப் பருவமழை என்றேன். ‘மழை வந்தா பாத்துக்கலாம்’ என்று அவரே சிவப்புப் பேனாவால் அதை அடித்துவிட்டார். அடுத்து ஸ்லாப் முட்டுக்கு, அதாவது கான்கிரீட் தளம் இறுகும்வரை அடியில் தாங்கி நிற்கும் முட்டுக்கு வந்தார். நாலரை மீட்டருக்கு மேல் அகலமான ஸ்லாபுக்கு முட்டைக் குறைந்தது 14 நாள் பிரிக்கக் கூடாது என்று கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. ‘ஒரு வாரத்தில் பிரிச்சா ஆகாதா?’ என்றார். அதற்கு மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

மழை வந்தது. பார்த்துக்கொண்டோம். நான் சொன்ன ஆகஸ்டையும் தாண்டி டிசம்பரில்தான் கட்டடம் முடிந்தது, ஏனென்றால் அவசரத்தில் வரைபடம் வருவதற்கு முன்பே எழுப்பிய சுவர்களை இடித்துத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. ஆய்வுக் கூட்டக் குறிப்பில் தாமதத்துக்கான காரணம் என்று என்ன எழுதினார்கள் தெரியுமா? ‘ஆள் பற்றாக்குறை.’ மழை, வரைபடம், சிவப்புப் பேனா ஒன்றுமே அதில் இல்லை. உங்கள் கட்டுரையாளர் கையில் கிடைத்ததும் அந்த மாதிரிக் காகிதமாகத்தான் இருக்கும்.

என் அனுபவத்தை விடுங்கள், ஊரறிந்ததைப் பார்ப்போம். துறைமுகம் – மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2009-ல் ஒரு பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2012-ல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. கூவத்தில் தூண்கள் மட்டும் வருடக்கணக்கில் நின்றன. 2022-ல் இன்னொரு பிரதமர் வந்து அதே சாலைக்கு இரண்டடுக்காக மறுபடி அடிக்கல் நாட்டினார், இந்த முறை 5,800 கோடி ரூபாய்க்கு மேல். எந்தப் பீகார்க்காரர் எந்தப் பூஜைக்குப் போனதால் இது நடந்தது? வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் 2007-ல் வந்தது. அங்கிருந்து பாதையை நீட்ட வேண்டிய பரங்கிமலை 5 கி.மீ. அதில் அரை கி.மீ. நிலத்துக்கான வழக்கிலேயே பத்து வருடத்துக்கு மேல் போய்விட்டது. மதுரை எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல். 2022-ல் முதல் மாணவர்களை ராமநாதபுரத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரில் பேருந்து நிலையத்தைத் திறந்துவிட்டார்கள், பக்கத்தில் ரயில் நிலையம் இல்லாமலே. மூட்டை முடிச்சோடு ஊரப்பாக்கத்துக்கும் வண்டலூருக்கும் ஓடிய பயணிகளைக் கேட்டால், எது முதலில் எது பின்னால் என்பதை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். எந்த ஆட்சி என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை, எல்லா ஆட்சியிலும் ரிப்பன் ஒன்றுதான்.

150 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மத்தியத் திட்டங்களின் தாமதத்தைப் பற்றி மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் வருடக்கணக்காக அறிக்கை வெளியிட்டுவந்திருக்கிறது. நிலம் கையகப்படுத்துதல், வனத்துறை, சுற்றுச்சூழல் அனுமதி, பாதியில் திட்டத்தை மாற்றுவது, டெண்டர் தாமதம் என்று திரும்பத் திரும்ப அதே காரணங்கள்தான் அவற்றில் வரும். உங்கள் அலுவலகத்துக்கு இது தெரியாததல்ல.

இன்னொன்று. இதே இதழில் முன்பு ஒருமுறை, ‘நூறு நாள் வேலை வந்த பிறகு நம் ஆட்கள் சோம்பேறியாகிவிட்டார்கள்’ என்று ஒருவர் எழுதினார். அப்போதும் கடிதம் போட்டேன், நீங்கள் வெளியிடவில்லை. சரி, போகட்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது சென்னை சைட்டுகளில் கொத்தனாரும் சித்தாளும் விழுப்புரம், திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கத்து ஆட்கள். திருக்கோவிலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, சட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்து, ‘அடுத்த மாசம் நடவு, நாங்க போயிருவோம், எழுதிக்கிட்டீங்களா சார்?’ என்று கேட்பார். நானும் சார்ட்டில் அந்த இரண்டு வாரத்துக்குப் பாதி ஆள் என்று எழுதிக்கொள்வேன். அன்றைக்கும் ஊருக்குப் போனார்கள். அதற்காக யாரும் அவர்களைப் பத்திரிகையில் திட்டவில்லை.

இன்று அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். வெயிலில் சட்டி தூக்க வேண்டாம் என்றுதான் அந்த அம்மாக்கள் அவர்களைப் படிக்க வைத்தார்கள். இதற்குப் பெயர் சோம்பலா? அந்த இடத்துக்கு பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து ஆள் வருகிறார்கள். முன்பு ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது ஊர். இப்போது இரண்டு நாள் ரயில், அதுவும் டிக்கெட் கிடைத்தால். நாடு இவ்வளவு மாறியிருக்கிறது. போகிறவர்கள் எப்போது போவார்கள் என்று காலண்டரிலேயே இருக்கிறது. 2025 நவம்பரில் பீகாரில் தேர்தல், ஓட்டுப் போட ஊருக்குப் போவார்கள் என்பதும் யாருக்கும் தெரியாத ரகசியமாக இருக்கவில்லை. அட்டவணை போடுகிறவர் எழுதிக்கொள்ளாமல் விட்டதற்கு ரயில் ஏறியவர் குற்றவாளியா?

காலண்டரில் இல்லாமல் வந்ததெல்லாம் மேலிருந்து வந்தது. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். அந்தச் சனிக்கிழமை மேஸ்திரி எதைக் கொண்டு கூலி கொடுப்பார்? 2020 மார்ச்சில் நாலு மணி நேர அவகாசத்தில் நாட்டைப் பூட்டினார்கள். மே மாதம் சிறப்பு ரயில் விட்டபோது, அதுவரை பட்டினி கிடந்தவர்களிடம், ‘போகாதே, வேலை கெட்டுவிடும்’ என்று கெஞ்சியவர்களை எனக்குத் தெரியும். 2023 மார்ச்சில், பீகார்க்காரர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரப்பினார்கள். பயந்துபோய்க் கிளம்பினார்கள். அதுவும் அவர்கள் தப்பா?

2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் செத்தார்கள். பலர் வடக்கு ஆந்திராவிலிருந்து வந்த கூலியாட்கள். கட்டடம் விழுந்தால் அடியில் கிடப்பதும் அவர்கள்தான், தாமதமானால் காரணம் என்று அச்சில் வருவதும் அவர்கள்தான்.

உங்களிடம் நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மறுப்பும் வேண்டாம், வருத்தமும் வேண்டாம். இனி ஒரு திட்டம் தாமதம் என்று செய்தி போடும்போது, முதலில் அறிவித்த முடிவுத் தேதியையும் நிலம் முழுதாகக் கைக்கு வந்த தேதியையும் பக்கத்தில் ஒரு வரியில் போடுங்கள். இரண்டையும் கேட்டு வாங்க உங்கள் நிருபருக்கு அரை நாள் போதும். இடம் இல்லை என்று உதவி ஆசிரியர் சொன்னால், அடிக்கல் நாட்டு விழாப் படத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போடச் சொல்லுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற பிளானிங் என்ஜினியர்,
குரோம்பேட்டை